கிறிஸ்டோபரால் அணைக்க முடியாத விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் காரைக் கழுவுவது என் பொறுப்பு. இதை நான் நன்றாகவே செய்வேன். முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, கடைசியில் சக்கரம். கழுவிய தண்ணீரை அடுத்த வீட்டு முருங்கைக்குத் திருப்பிவிடுவேன். பவுல்துரை வாத்தியார் பையன் பொறுப்பானவன் என்று தெருவில் யாராவது சொன்னால் அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் இந்தக் கழுவல்தான். கல்லூரி மூன்றாம் ஆண்டில் எனக்கு நான்கு பேப்பர் நிலுவை. ஆகவே இந்த ஆதாரத்தை நான் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன்.

கழுவும்போது பானெட்டைத் திறந்து உள்ளே ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பதும் உண்டு. அதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

என் பெயர் ரெஜி. நம் கல்லூரியின் 'கேன்டீன் கெஜட்' இணையப் பக்கத்தில் 'மஞ்சள் விளக்கு மகாத்மியம்' எழுதியவன். ஒன்பது பகுதிகளையும் படித்துச் சிரித்தவர்கள் நீங்கள். பத்தாவது எங்கே என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது பத்தாவது அல்ல. படிக்கும்போது எங்காவது சிரிப்பு வந்தால் அது பழக்கதோஷம். எழுதும்போது எனக்கும் வருகிறது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

விஷயம் ஜூன் மாதத்தில் தொடங்கியது. அப்பாவுக்குத் தேசூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. கணக்கு வாத்தியார். எங்கள் வெள்ளைக் கார் பன்னிரண்டு வருடப் பழசு. தினமும் ஆரணியிலிருந்து அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. ஒருநாள் வந்தவாசி தாண்டி எஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. வண்டியை இழுத்து வந்து கிறிஸ்டோபர் அங்கிள் ஷெட்டில் விட்டார்கள்.

கிறிஸ்டோபர் அங்கிளை நீங்கள் 'டாக்டர் ஸ்பேனர்' என்று அறிவீர்கள். அந்தப் பெயர் நான் வைத்தது. முள்ளிப்பட்டு போகும் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் நான்கு வேன்களைப் பதினோரு வருடமாக அவர்தான் பார்த்தார். எங்கள் சபைக்காரர். கோவிலில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பானெட்டை அவர் மூடமாட்டார். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, எதைக் கழற்றினார் எதைப் போட்டார் என்று டார்ச் அடித்துக் காட்டிவிட்டு, "நான் தொறந்தேன். நீங்க மூடுங்க" என்பார். மூடினால் வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அவர் 'மூடுங்க' என்று சொன்னால் வேலை முடிந்துவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வண்டி போளூரில் நின்றாலும் சரி, திண்டிவனத்தில் நின்றாலும் சரி, அவரே போய்ச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு வருவார். ஆரணியில் ரசீது இல்லாமல் நடக்கும் ஒரே ஒப்பந்தம் அது.

ஆறு நாள் எடுத்து எஞ்சினின் மேல்பாகத்தை இறக்கி, கேஸ்கெட் மாற்றி, அப்பாவைக் கூப்பிட்டு மூடச் சொன்னார். அப்பா மூடினார். மூன்றாம் நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. மெக்கானிக்குகள் செக் லைட் என்பார்கள்.

விடை வராத கணக்கைப் பார்த்தால் என் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அன்று தேசூரிலிருந்து நாற்பதுக்கு மேல் போகாமல், ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, எஞ்சின் முனகுகிறதா என்று காது கொடுத்தபடியே வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எரியுது" என்றார். எங்கே எரிகிறது என்று அம்மா அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

அன்று மாலை நான் முதல் பகுதியை எழுதினேன். 'எங்கள் வீட்டுக்கு ஒரு விளக்கு வந்திருக்கிறது. கரண்ட் செலவு கிடையாது. அணைக்க ஸ்விட்சும் கிடையாது. டாக்டர் ஸ்பேனர் ஆறு நாள் ஆபரேஷன் செய்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். நோயாளி நலம். நோயாளியின் சொந்தக்காரர்தான் படுத்த படுக்கை.' உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரியைத் தாண்டி ஊருக்குள்ளும் போனது. பட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் ஒருவர் என்னை நிறுத்திக் கைகொடுத்தார். அதுவரை என்னை யாரும் எதற்கும் நிறுத்தியதில்லை, ஹெல்மெட்டுக்கு போலீஸ் நிறுத்தியதைத் தவிர.

மறுநாள் கிறிஸ்டோபர் அங்கிள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தார். புகைபோகும் குழாயில் ஒரு சென்சார் உண்டு. அதன் வயர் மேலே கையெட்டும் இடத்தில் ஒரு கப்ளரில் சேர்கிறது. அதாவது இரண்டு வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பூட்டு. அதை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தவேண்டும். வேலை மும்முரத்தில் அவர் பாதிதான் அழுத்தியிருந்தார்.

"என் தப்புதான் சார். சத்தம் கேக்காம உட்டுட்டேன்" என்றார் அப்பாவிடம். பிறகு நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, எனக்கும் காட்டினார். "இங்க பாரு தம்பி. இத சரியா மாட்டிட்டாலும் லைட்டு ஒடனே போவாது. நடந்தத அது ஞாபகம் வச்சிக்கும். ஸ்கேனர்ல அழிச்சாத்தான் ஜல்தியா போவும்."

அழித்தார். விளக்கு போயிற்று. அப்பா பானெட்டை மூடினார். அன்று சோறும் இறங்கியது. நஷ்டம் எனக்கு மட்டும்தான். முதல் பகுதியின் கடைசியில் 'சிகிச்சை தொடரும்' என்று எழுதியிருந்தேன்.

என்னோடு பக்கத்தை நடத்தும் தீனா போன் செய்தான். "மச்சான், ரெண்டாவது எப்போ? ஜனங்க உயிர எடுத்துகினு கீறாங்க."

"லைட்டு அணைஞ்சிருச்சுடா."

"அணைஞ்சிருச்சா? இன்னாடா பேஜார் பண்றே. இப்பதான் பிக்கப் ஆவுது. வேற எதனா கெட்டுப்போவலையா?"

"எதுவும் கெடலடா."

"சரி உடு. உங்கப்பனுக்கு நல்ல காலம், நமக்கு இல்ல."

அவன் வேறொன்றும் சொல்லவில்லை. இதில் தீனாவுக்குப் பங்கு இல்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வண்டியைக் கழுவி, பானெட்டைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். கப்ளர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதற்கு ஒரு சின்ன நாக்கு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கழன்றுவிடுகிறது. ஒரு கை போதும். கோவில் மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இதனால் வண்டிக்கு எந்த ஆபத்தும் இல்லை. இதை நான் முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். யாருக்கும் அடிபடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை அப்பா எரியும் விளக்கோடு தேசூர் போய் எரியும் விளக்கோடு திரும்பினார். அவர் முகம் கழுவப் போனபோது நான் கப்ளரை மறுபடி மாட்டிவிட்டேன், சத்தம் வரும்படி. விளக்கு அப்படியே இருந்தது. நடந்ததை அது ஞாபகம் வைத்திருந்தது. ஷெட்டுக்குப் போனால் கிறிஸ்டோபர் அங்கிள் முதலில் அந்தக் கப்ளரைத்தான் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்கேனர் அந்த சென்சாரைத்தான் காட்டியது. சென்சாரும் சரியாக இருந்தது. அழித்தார், விளக்கு போயிற்று. அப்பா மூடினார். நான் இரண்டாவது பகுதியை எழுதினேன்.

முறை இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருதரம். ஞாயிறு கழற்றி வைப்பேன், திங்கள் மாலையில் மாட்டிவிடுவேன். எப்போதுமே கெட்டிருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். வந்துவந்து போவதை யாராலும் பிடிக்க முடியாது. இதுவும் கிறிஸ்டோபர் அங்கிள் சொன்னதுதான். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாவது பகுதியில் அவர் தன் செலவில் புது சென்சார் வாங்கிப் போட்டார். அப்பா எவ்வளவு சொல்லியும் பணம் வாங்கவில்லை. நான்காவதில் பேட்டரியிலிருந்து வரும் வயர்களை எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக் குறிப்பெடுத்தேன். டீ வாங்கிக் கொடுப்பார். என் கட்டுரைகளில் நுணுக்கமான விவரம் இருப்பதாக நீங்கள் பாராட்டினீர்கள். அந்த விவரமெல்லாம் அவருடைய டீயைக் குடித்துக்கொண்டே எடுத்தது.

ஜூலை கடைசியில் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் வேன்களை நிர்வகிக்கும் கோபிநாத் சார் ஷெட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். கையில் போன். சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாபா டாக்டர் ஸ்பேனரு, ஊரே உன்னப் பத்திதான் பேசிகினு கீது."

கிறிஸ்டோபர் அங்கிளுக்கு விளங்கவில்லை. கோபிநாத் சார் போனை நீட்டினார். அங்கிள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே மூன்றாவது பகுதி முழுவதையும் படித்தார். நான் கம்ப்ரெசருக்குப் பின்னால் போய்விடலாமா என்று யோசித்தேன். படித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"நீதான் எழுதினியா தம்பி?"

"சும்மா காமெடிக்கு அங்கிள்."

"நல்லாதான் எழுதிக்கிறே." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா பத்தாம் நம்பர் ஸ்பேனர்னு போட்டுகிறே. அது பன்னெண்டு. தெரிஞ்சவன் படிச்சா சிரிப்பான்."

அன்று வீட்டுக்கு வந்து பத்தைப் பன்னிரண்டாகத் திருத்தினேன். திருத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏதோ நியாயம் செய்துவிட்டதுபோல.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். வரிசையாக எழுந்துபோய் பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கவேண்டும். யார்மேலாவது குறை இருந்தால், யாருக்காவது குறை வைத்திருந்தால், முதலில் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு வரச் சொல்வார் ஐயர், அதாவது எங்கள் போதகர். பெரும்பாலும் யாரும் போவதில்லை. குறையோடு குறையாக எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வருவோம். சின்னச் சபை. யார் எழுந்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கிறிஸ்டோபர் அங்கிள் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பிரிஸில்லா ஆன்ட்டி மட்டும் போய்விட்டு வந்தார். செப்டம்பரிலும் அப்படியே. குடிக்கிறாரோ, வீட்டில் சண்டையோ என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அப்பா அவரைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். நான் பைக்கில் சாய்ந்து போனைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மாசமா நீ மேல வரலயே கிறிஸ்டோபர். இன்னா விஷயம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா."

"முடிஞ்சிருச்சு, மூடுங்கன்னு சொல்லி உங்க கையால மூட வச்சேன். எத்தினி வாட்டி. ஒரு வாட்டியும் முடியல. அப்ப அது பொய்தானே சார். வேணும்னு சொல்லல, ஆனா பொய்தான். பொய்ய வச்சிகினு அந்தக் கைய எப்படி நீட்டறது? லைட்டு நிக்கட்டும். நின்னதும் வாங்கிக்கிறேன்."

அப்பா அவர் தோளில் கைவைத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அந்த இரண்டு மாதமும் நான் எழுந்துபோய், கையைச் சேர்த்து நீட்டி, வாங்கிக்கொண்டேன். அந்த ஞாயிறு காலையும் கப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

இப்போது ஏழாவது பகுதியைப் பற்றிச் சொல்லவேண்டும். 'டாக்டர் ஸ்பேனர் உபவாசம் இருக்கிறார்' என்ற பகுதி. விளக்கு அணையும்வரை அன்ன ஆகாரம் கிடையாது என்று டாக்டர் சபதம் செய்ததாகவும், விளக்கு அதைக் கேட்டு இன்னும் பிரகாசமாக எரிந்ததாகவும் எழுதினேன். ஒன்பது பகுதிகளில் அதற்குத்தான் உங்களிடம் அதிக வரவேற்பு. வேப்பமரத்தடியில் கேட்டதிலிருந்து எழுதி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. எழுதும்போது ஒரு இடத்தில்கூட எனக்குத் தடங்கல் வரவில்லை. நடந்ததில் எது மோசம் என்று நீங்கள் கேட்டால் கப்ளரைச் சொல்வீர்கள். நான் இந்த நாற்பது நிமிடத்தைச் சொல்வேன்.

அதே வாரம் கோபிநாத் சார் மறுபடி ஷெட்டுக்கு வந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காத கிறிஸ்டோபர். புள்ளைங்க போற வண்டி. மேனேஜ்மென்ட்ல ஏழாவது பகுதிய எல்லாரும் படிச்சிட்டாங்க. ஒரு லைட்ட நிறுத்தத் தெரியாதவர்கிட்ட எப்படி நாலு வேன உடறதுன்னு கேக்கறாங்க."

"ஞாயம்தான் சார். நானே சொல்லணும்னு இருந்தேன்."

"நீ எதுக்குப்பா சொல்லணும்?"

"பிரேக்கு, ஸ்டியரிங்கு எல்லாம் இந்தக் கைதானே பாக்குது. எங்க இன்னா உட்டேனோ யாருக்குத் தெரியும்."

நான்கு வேன்களும் வேறிடத்துக்குப் போயின. ஷெட்டில் மிச்சம் இருந்தது இரண்டு ஆட்டோவும் எங்கள் வெள்ளைக் காரும்.

அக்டோபரில் அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். எஞ்சின் வயர்க்கட்டு முழுவதையும் கழற்றி வெளியில் எடுத்தார். தரையில் பழைய சேலை ஒன்றை விரித்து அதன்மேல் பரப்பி, பிரிஸில்லா ஆன்ட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆன்ட்டி பாவு பிணைக்கிறவர். தறியில் பழைய பாவு தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளை அதன் நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே செய்வார். அறுந்த இழையைக் கண் பார்ப்பதற்கு முன்னால் அவர் விரல் சொல்லிவிடும் என்பார்கள். அங்கிளுக்குத் தன் விரல்மேல் நம்பிக்கை போயிருந்தது. ஆன்ட்டி விரலைக் கடன் கேட்டார்.

ஆன்ட்டி டேப்பைப் பிரித்து ஒவ்வொரு வயராக நுனியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம். ஷெட்டில் வேறு சத்தம் இல்லை. நான் ஒரு டயர்மேல் உட்கார்ந்து எட்டாவது பகுதிக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கப்ளருக்கு வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கின்மேல் விரலை வைத்தார்.

"வயருல அறுவு எதுவும் இல்ல. ஆனா இங்க பாருங்க. இதுமேல நகம் பட்டுப்பட்டு தேஞ்சிருக்குது. அடிக்கடி கழட்டி மாட்டின மாதிரி."

"நான்தான் கழட்டினேன்" என்றார் அங்கிள். "வர்றப்பல்லாம் மொதல்ல அதத்தானே பாக்கறேன்."

"நீங்க ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்புவீங்க. இது நகம்."

"அப்ப நகத்தால கழட்டியிருப்பேன். இன்னா இப்போ. என் வண்டிய வேற யாரு தொடப் போறாங்க?"

ஆன்ட்டி அங்கிளின் கையைப் பார்த்தார். கிரீஸ் ஏறி நகம் ஒட்ட வெட்டிய கை. பிறகு நிமிர்ந்து, நான் போன் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்க்கவில்லை.

"டீ ஆறுது, குடி ரெஜி" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நகம் வெட்டினேன். எட்டாவது பகுதியைச் சுமாராக எழுதிப் போட்டேன். கப்ளரை அதற்குப் பிறகு தொடவில்லை. நிறுத்திவிட்டேன். இதை ஒரு நல்ல காரியமாக அப்போது நினைத்தேன். நிறுத்திவிட்டால் விளக்கு எரியாது. எரியாவிட்டால் அந்த வயர்க்கட்டு வேலையில்தான் சரியானது என்று அங்கிள் நினைத்துக்கொள்வார். மறுபடி எழுந்துபோய் கையை நீட்டுவார். யாரும் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பழைய ஞாபகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர்க்கட்டை மாட்டியதும் அதை ஸ்கேனரில் அழிப்பதற்குள் அப்பாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. "விடு கிறிஸ்டோபர். ஒரு வாட்டி வேலூர்ல காட்டிட்டு வந்துர்றேன்" என்று ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து மாதத்தில் அவரிடம் அப்பா சொன்ன ஒரே கடினமான வார்த்தை இதுதான்.

வேலூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், கழுத்தில் டை கட்டிய பையன். அவர்கள் ஒரு வயரை மாட்டி, ஒரு பட்டனை அழுத்தி, விளக்கை அழித்து, வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விளக்கு எரியவே இல்லை. எரியாது. நான் நிறுத்திவிட்டேன் அல்லவா.

ஒன்பதாவது பகுதியில் அதை எழுதினேன். 'ஐந்து மாத நோய், ஐந்து நிமிட வைத்தியம்.' நீங்கள் அதைத்தான் ஊர் முழுக்க அனுப்பினீர்கள். இரண்டு ஆட்டோவும் போயின.

நவம்பர் முதல் வாரம் ஒரு சாயங்காலம் கிறிஸ்டோபர் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு வருத்தமோ கோபமோ எதுவும் இல்லை. அவருக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது.

"சார், வேலூர்ல இன்னா சொன்னாங்க? இன்னா கோளாறாம்?"

அப்பா பில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி மேலிருந்து. அதில் ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ் என்றுதான் இருந்தது.

"பார்ட் பேரு எதுவும் போடலியே சார்."

"எனக்கு அதெல்லாம் தெரியலப்பா. ரெஜிதான் கூட வந்தான்."

என் பக்கம் திரும்பினார். "தம்பி, பக்கத்துல நின்னு பாத்தியா? எதத் தொட்டாங்க? தெரிஞ்சிகிட்டா போதும். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லியிருக்கலாம். அப்பா இருந்தார், அம்மா இருந்தார், அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு ஏதாவது ஒரு விடை கொடுத்து அனுப்பவேண்டும் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அதை இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"எர்த் வயர் லூஸ்னு சொன்னாங்க அங்கிள். எஞ்சினுக்குப் பின்னாடி போவுமே, அது."

"எர்த்தா." அவர் பில்லை மடித்தார். "அதப் பாத்தேனே. ரெண்டாந் தரம் வந்தப்பவே கழட்டி, தேச்சு, டைட் பண்ணேன்." கொஞ்ச நேரம் தன் வலதுகையைப் பார்த்தார். "பாத்தேன்னு நெனச்சிகினு இருந்தேன் போல. பாக்கல."

அவர் பார்த்திருந்தார். கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, முறுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்து நான்தான் குறிப்பெடுத்தேன். இரண்டாவது பகுதியின் நான்காவது பத்தியில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

அதோடு அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டார். எந்த வண்டியை எடுத்தாலும் எதைப் பார்த்தேன், எதைப் பார்த்ததாக நினைத்தேன் என்று தெரியவில்லை என்று ஆன்ட்டியிடம் சொன்னாராம். செய்யாறு பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. வருகிற வண்டிகளின் எண்ணை எழுதிவைக்கிற வேலை. வண்டியைத் தொடவேண்டியதில்லை.

இதை உங்களுக்கு எழுதுவதற்குப் பதிலாகச் செய்யாறுக்கு ஒரு பஸ் ஏறி அவரிடமே சொல்லலாமே என்று கேட்பீர்கள். பஸ் இருக்கிறது. அரைமணிக்கு ஒன்று. இரண்டு முறை ஏறினேன். ஒருமுறை அந்த கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைவரை போனேன். நீல யூனிஃபார்மில், நோட்டும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு லாரியின் எண்ணை எழுதிவிட்டு, சரிதானா என்று லாரியின் பின்பக்கம் போய் மறுபடி பார்த்தார். திரும்ப வந்து இன்னொரு முறை முன்பக்கம் பார்த்தார். நான் ஒரு பன் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். பன்னைச் சாப்பிடவில்லை. சாப்பிடாததை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. வெறும் தகவல்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் முதல் ஞாயிறு. அவர் செய்யாறுக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள்.

திருவிருந்துக்கு முன்னால் எங்கள் ஐயர் எல்லோரையும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அன்று கிறிஸ்டோபர் அங்கிள் தன் பெஞ்சைவிட்டு வெளியே வந்தார். இரண்டு பெஞ்சு தாண்டி எங்களிடம் வந்தார். ஆன்ட்டி பின்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. அவருடைய நகக்கண்ணில் எப்போதும் இருந்த கறுப்பு அன்று இல்லை. ஒரு மாதம் வேலை செய்யாத கை.

"சார், என்ன மன்னிச்சிடுங்க. உங்கள அஞ்சு மாசம் பயந்துகினே வண்டி ஓட்ட வச்சேன்."

அப்பா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கிறிஸ்டோபர். விடு."

"அப்டி சொல்லாதீங்க சார். வாயால சொல்லுங்க. சொன்னாத்தான் நான் மேல போவ முடியும்."

அப்பா சொன்னார். அம்மாவும் சொன்னார். பிறகு அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நீயும் சொல்லிடு தம்பி. படிக்கிற புள்ள, எனக்காக எத்தினி நாள் ஷெட்டுல வந்து நின்னே."

ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. பாவு பிணைக்கும்போது அடுத்த இழை கைக்கு வரட்டும் என்று பார்ப்பாரே, அப்படி. பாட்டுக்காரர்கள் அடுத்த பாட்டைத் தொடங்காமல் காத்திருந்தார்கள். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கப்ளரைக் கழற்றியது நான், மாட்டியது நான், எர்த் வயர் என்று சொன்னது நான். சொல்வதற்கு மூச்சு இருந்தது. இடம் இருந்தது. கேட்பதற்கு ஆள் எதிரிலேயே நின்றது.

"மன்னிச்சிட்டேன் அங்கிள்" என்றேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆன்ட்டி தலையைத் திருப்பிக்கொண்டார். அங்கிள் நேராக நடந்துபோய், பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு கையைச் சேர்த்து நீட்டினார்.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் எழுந்து திரும்பி வரும்வரை, ஒரு நிமிடம் இருக்கும், நான் அவரை உண்மையாகவே மன்னித்திருந்தேன்.